பசுமைக் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி: துரு எங்கிருந்து வருகிறது?

ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் 20, 25 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட தொடர் வீடுகளில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். கார் நிறுத்தும் முன்கூரையின் விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு ஓடும். சில மாதம் போனால் அந்தக் கோடு வெடிப்பாகும். பிறகு ஒரு நாள் காலையில் கான்கிரீட் சில்லு தரையில் கிடக்கும். அண்ணாந்து பார்த்தால் செதில் செதிலாகத் துருவேறிய கம்பி தெரியும். வீட்டுக்காரர் சிமெண்டைக் குறை சொல்வார். குத்தகையாளர் மழையைக் குறை சொல்வார். இருவர் பேச்சிலும் பாதி உண்மை உண்டு.

அந்த வீடுகள் கட்டப்பட்ட காலத்திலிருந்து இன்றுவரை சிமெண்டும் மாறி வந்திருக்கிறது. ஹார்ட்வேர் கடையில் வாங்கும் 50 கிலோ மூட்டையில் இன்று இருப்பது பெரும்பாலும் கலப்புச் சிமெண்டு. நிலக்கரிச் சாம்பல், சுண்ணாம்புக்கல் தூள், இரும்பாலைக் கசடு போன்றவை அதில் சேர்ந்திருக்கும். சிமெண்டே இல்லாத கான்கிரீட்டும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. சுற்றுச்சூழலுக்கு இவை நல்லவை என்பதில் சந்தேகமில்லை. வீட்டுக்காரரின் கேள்வி வேறு. இவற்றுக்குள் பதிக்கும் கம்பி எவ்வளவு காலம் தாங்கும்?

சுண்ணாம்பின் காவல்

கான்கிரீட்டுக்குள் கம்பியைக் காப்பது சுண்ணாம்பு. போர்ட்லண்ட் சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. வெற்றிலைக்குத் தடவும் நீற்றுச் சுண்ணாம்பும் இதுவே. கான்கிரீட்டின் நுண்துளைகளில் தேங்கியிருக்கும் நீர் இதனால் கடும் காரமாகிறது. அதன் பிஎச் அளவு 12.5-க்கு மேல் நிற்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று படியும். படலம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. நூறாண்டு பழைய கட்டடத்தை உடைத்தாலும் உள்ளே நீல நிறம் மாறாத கம்பியைப் பார்க்க முடிவது இதனால்தான்.

இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பேராக்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிந்தா பள்ளத்தாக்கின் குன்றுகள் பலவும் சுண்ணாம்புக்கல். ஈப்போ தாசேக்கிலும் செம்மோர் அருகே கந்தானிலும் சிமெண்டு ஆலைகள் அமைந்த காரணமும் அதுவே. கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் கிடைக்கும். ஆனால் 1,000 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் மிஞ்சும் சுண்ணாம்பு 560 கிலோதான். மீதி 440 கிலோ கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். எரிபொருள் விடும் புகை இதற்கு மேல் தனிக்கணக்கு. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலின் பங்கு என்று கணக்கிடப்படுவதற்கு இதுவே முதல் காரணம்.

போன வாயு மெல்லத் திரும்பி வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே நுழைந்து, அங்குள்ள சுண்ணாம்பை மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாற்றும். இதனால் கான்கிரீட்டின் பலம் குறைவதில்லை; சில நேரம் மேற்பரப்பு கொஞ்சம் கெட்டிப்படவும் செய்யும். காரத்தன்மை மட்டும் 9-க்குக் கீழே இறங்கிவிடும். இந்த மாற்றம் கம்பி இருக்கும் ஆழத்தை எட்டும் நாளில் அதன் மேலிருக்கும் படலம் அழிந்துவிடும்.

எட்ட எத்தனை ஆண்டு ஆகும்? இதற்கு எளிய கணக்கு உண்டு. வாயு நுழையும் ஆழம் ஆண்டுகளின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளரும். ஒரு கான்கிரீட்டில் 4 ஆண்டில் 10 மில்லிமீட்டர் நுழைந்தால், 9 ஆண்டில் 15 மில்லிமீட்டர், 25 ஆண்டில் 25 மில்லிமீட்டர், 36 ஆண்டில் 30 மில்லிமீட்டர் நுழையும். கம்பியின் மேல் உள்ள கான்கிரீட் கனத்தை வேலைத்தளத்தில் 'கவர்' என்பார்கள். அந்தக் கவர் 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 15 மட்டும் இருந்தால், காவல் பாதியாகக் குறையும் என்றுதான் தோன்றும். உண்மையில் அது 36 ஆண்டிலிருந்து 9 ஆண்டுக்கு, நான்கில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. தாமான் வீட்டு முன்கூரைகளின் கதையில் பெரும்பகுதி இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

படலம் போனாலே துரு வந்துவிடாது. தண்ணீரும் பிராணவாயுவும் சேர்ந்து வேண்டும். மின்விசிறி ஓடும் வரவேற்பறையின் உள்கூரையில் கம்பிவரை சுண்ணாம்பு தீர்ந்திருந்தாலும், காய்ந்த இடமாகையால் துரு மிக மெதுவாகத்தான் பிடிக்கும். மேல்மாடிக் குளியலறைக்குக் கீழே உள்ள கூரை, மழை வழியும் முன்கூரை விளிம்பு, தண்ணீர்த் தொட்டி நிற்கும் தளம் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. அவை நனையும், காயும், மறுபடி நனையும். மாலை மழையும் மறுநாள் வெயிலும் மாறி மாறி வரும் ஊரில் துருவுக்கு இதைவிடத் தோதான சூழல் கிடையாது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து வரும் அந்த அழுத்தமே கான்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது.

ஈப்போ குனோங் சீரோவில் உள்ள கல்லுமலைக் குகைக் கோயிலுக்குப் போகிறவர்கள் இதே ரசாயனத்தின் மறுபக்கத்தைப் பார்த்திருப்பார்கள். கரியமில வாயு கலந்த மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துத்தான் அந்தக் குகைகள் உண்டாயின. கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகப் படிந்து விழுதுகளாகத் தொங்குகிறது. பழைய அடுக்குமாடி வீட்டுக் கார் நிறுத்துமிடத்தின் கூரையிலும் வெள்ளைக் குச்சி போன்ற சிறு விழுதுகள் தொங்குவதுண்டு. வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கி, கம்பியைக் காக்கும் சுண்ணாம்பைக் கழுவி வெளியே கொண்டுவருகிறது என்பதற்கு அவை அடையாளம். சுரண்டிவிட்டுச் சாயம் பூசினால் அடையாளம் மறையும், தண்ணீர் நிற்காது.

கடற்கரை ஊர்களில் இன்னொரு எதிரி உண்டு: உப்பு. லுமுட், பங்கோர், பாகான் டத்தோ பக்கம் உப்புக்காற்றில் வரும் குளோரைடு, சுண்ணாம்பு நிறைந்திருக்கும்போதே படலத்தை ஓட்டை போடக்கூடியது. அது கம்பி முழுவதும் பரவாது, ஒரே இடத்தைக் குடையும். வெளியே வெடிப்பு தெரியும் முன்பே கம்பி பாதியாகி இருக்கலாம். கிந்தாவின் பழைய ஈயச் சுரங்க நிலங்களில் எடுக்கும் மணலில் இந்தக் கவலை இல்லை. கழுவாத கடல்மணலைக் கலந்தால் துருவை முதல் நாளே உள்ளே வைத்துக் கட்டியதாகிவிடும்.

மூட்டைக்குள் புதிதாக என்ன?

மலேசியாவில் சிமெண்டுக்கான தர விதி எம்எஸ் இஎன் 197-1. மூட்டையின் மேல் 'செம் 1', 'செம் 2' என வகை அச்சிடப்பட்டிருக்கும். செம் 1 என்றால் 95 விழுக்காடோ அதற்கு மேலோ கிளிங்கர். செம் 2 என்றால் கிளிங்கர் 65 முதல் 94 விழுக்காடு வரை. மீதி சாம்பல், கசடு, சுண்ணாம்புக்கல் தூள் முதலியவை. செம் 3-இல் இரும்பாலைக் கசடே பெரும்பங்கு வகிக்கலாம். வாங்குகிறவர்கள் மூட்டையின் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். பக்கத்தில் இருக்கும் இந்த எழுத்தைப் பார்ப்பவர்கள் குறைவு.

இந்தக் கலப்புக்கு வேண்டிய பொருள் பேராக்கில் நிறைய உண்டு. மஞ்சோங் லெக்கீர் கடலோரத்தில் உள்ள சுல்தான் அஸ்லான் ஷா மின்நிலையம் 4,100 மெகாவாட் திறன் கொண்டது. அது எரிக்கும் நிலக்கரியிலிருந்து மிஞ்சும் மென்சாம்பல் கலப்புச் சிமெண்டுக்கு ஏற்ற சரக்கு. கிரியான், சுங்கை மானிக் வயல்களின் நெல்லும் இந்தக் கணக்கில் சேரும். 1,000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி, அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நுண்ணலை உலையில் எரித்த உமிச்சாம்பலைக் கான்கிரீட்டில் சேர்த்து நீண்ட ஆய்வு நடந்திருக்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிய பிறகு பாமாயில் ஆலைக் கொதிகலன் சாம்பலும் குவிகிறது. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1990-களிலேயே அதை நன்றாக அரைத்துக் கான்கிரீட்டில் பயன்படுத்திப் பார்த்தது.

சாம்பல் என்ன செய்கிறது? அதிலுள்ள சிலிக்கா, கான்கிரீட்டில் உண்டாகும் சுண்ணாம்போடு சேர்ந்து புதிய பசையாகி நுண்துளைகளை அடைக்கிறது. துளை சிறுத்தால் தண்ணீரும் உப்பும் எளிதில் புக முடியாது. ஆகவே கடலோரத்தில் சாம்பலோ கசடோ கலந்த நல்ல கான்கிரீட், சாதாரணச் சிமெண்டை மிஞ்சிவிடுகிறது. பாலங்களுக்கும் துறைமுகங்களுக்கும் பொறியாளர்கள் அதை விரும்பிக் கேட்பது இதனால்தான்.

ஆனால் துளையை அடைக்கச் செலவாவது கம்பியைக் காக்கும் அதே சுண்ணாம்பு. இருப்பு குறைந்துவிடுவதால், உள்ளே வரும் கரியமில வாயுவைத் தடுத்து நிறுத்தும் சக்தியும் குறைகிறது. பசுமைக் கான்கிரீட்டில் கம்பித் துரு பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு முரணைச் சுற்றித்தான் நடக்கிறது. உப்பை எதிர்ப்பதில் அது கெட்டி. காற்றை எதிர்ப்பதில், சரியாகச் செய்யாவிட்டால், சாதாரணச் சிமெண்டைவிடப் பலவீனம்.

'சரியாகச் செய்யாவிட்டால்' என்பதில்தான் வீடு கட்டுபவரின் பணம் இருக்கிறது. சாம்பலின் வேலை மெதுவானது. தண்ணீர் இருந்தால்தான் நடக்கும். சனிக்கிழமை தளம் போட்டு, ஞாயிறு விடுமுறை விட்டு, திங்கள் முதல் வெயிலில் காயவிட்டால், மேல் 20, 30 மில்லிமீட்டர் பஞ்சு போல ஆகிவிடும். கம்பியின் காவலும் அந்த 20, 30 மில்லிமீட்டர்தான். ஆய்வுக்கூடத்தில் தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்த கலப்புக் கான்கிரீட்டையும் பின்கட்டுச் சமையலறைக்கு இரண்டு நாள் மட்டும் தண்ணீர் காட்டிய கலப்புக் கான்கிரீட்டையும் ஒரே பெயரால் அழைப்பதே தவறு.

தாப்பா களிமண்ணும் சென்னை ஆய்வும்

கலப்புச் சிமெண்டு வகைகளில் இப்போது அதிகம் பேசப்படுவது எல்சி3. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சென்னை, டெல்லி, மும்பை ஐஐடிகளும் சேர்ந்து வளர்த்த சிமெண்டு இது. பாதி கிளிங்கர், 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுண்ணாம்புக்கல் தூள், மீதி ஜிப்சம். களிமண்ணை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டால் போதும். கரியமில வாயு 40 விழுக்காடு வரை குறையும். அதற்கு ஏற்றது வெள்ளைக் களிமண்ணான கயோலின். தாப்பா, பீடோர் வட்டாரத்தில் நெடுங்காலமாக வெட்டி எடுப்பது அந்த மண்ணைத்தான். சுண்ணாம்புக்கல் கிந்தாவில் இருக்கிறது. இரண்டும் ஒரே மாநிலத்தில், ஒரே நெடுஞ்சாலையில் அமைந்த இடங்கள் உலகில் அதிகம் இருக்காது.

சென்னை ஐஐடி கட்டடப் பொறியியல் துறையினர் இந்தச் சிமெண்டில் கம்பியை வைத்து ஆராய்ந்தபோது மேலே சொன்ன முரண் அப்படியே தெரிந்தது. எல்சி3-க்குள் உப்பு ஊடுருவுவது சாதாரணச் சிமெண்டைவிட மிகக் குறைவு. ஆனால் துரு தொடங்குவதற்குத் தேவைப்படும் உப்பின் அளவும் அதில் குறைவாக இருக்கிறது, காரத்தன்மை குறைந்திருப்பதால். இரண்டையும் கூட்டிக் கழித்தால் கடலோரக் கட்டடத்துக்கு எல்சி3 ஆயுள் கூடுகிறது. காற்றால் வரும் மாற்றம் மட்டும் அதில் வேகமாக நடக்கிறது. உள்நாட்டு ஊரில் அதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் கவரையும் தண்ணீர் காட்டும் நாளையும் கூட்டியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு இன்னொரு பழைய முகவரி காரைக்குடி. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் கிட்டங்கி நடத்திய நகரத்தார் சமூகத்தின் ஊர் அது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, நேரு 1948 ஜூலை 25 அன்று அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பட்டது. கம்பிக்கு மேல் சிமெண்டும் பாலிமரும் கலந்து பூசும் முறை அந்த நிலையத்திலிருந்து வந்து இந்தியப் பாலங்களில் பரவியது. கடல் அரிப்பை ஆராய அந்த நிலையம் மண்டபத்தில் ஒரு கிளையும் வைத்திருக்கிறது. பாம்பன் பாலமும் அந்தப் பக்கம்தான். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் துருவோடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராடி ஓய்ந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தின் கான்கிரீட்டில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே வைக்கப்பட்டிருக்கிறது.

விலை கூடிய கம்பி வீண் செலவா என்று கேட்பவர்களுக்கு மெக்சிகோவின் புரொகிரசோ துறைமுகத்தைக் காட்டுவது பொறியாளர்களின் வழக்கம். 1941-இல் முடிந்த அந்தக் கடற்பாலத்தில் துருப்பிடிக்காத எஃகு வைத்தார்கள், இன்றும் நிற்கிறது. பக்கத்தில் பின்னாளில் சாதாரணக் கம்பியால் கட்டியது கடலில் சிதைந்து போயிற்று. வீட்டுக்கு இது தேவையில்லை. கடலோரக் கட்டடத்திலும், கவர் வைக்க இடமில்லாத மெல்லிய வேலைப்பாட்டிலும் யோசிக்கலாம்.

சிமெண்டே இல்லாத கான்கிரீட்

ஜியோபாலிமர் என்று அழைக்கப்படும் வகையில் சிமெண்டு இல்லை. சாம்பலையும் கசடையும் சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சிலிக்கேட் போன்ற காரக் கரைசலால் இறுக வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் துவூம்பா அருகே 2014-இல் திறந்த வெல்கேம்ப் விமான நிலையத்தில் சுமார் 40,000 கன மீட்டர் இப்படிப் போடப்பட்டது. ஆனால் அது தரைத்தளம். வீட்டு உத்தரம் கம்பியை நம்பியிருப்பதுபோல் விமானத் தளம் நம்பியிருப்பதில்லை. இந்த வகைக்குள் சுண்ணாம்பு இருப்பே கிடையாது. கம்பியைக் காப்பது கலந்த காரம் மட்டுமே. அது கழுவிப் போகாமல் இருந்தால் கம்பி பல ஆண்டு பத்திரமாக இருப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. முடிவுகள் கலவைக்குக் கலவை மாறுகின்றன. ஒரு ஆலைச் சாம்பலில் நன்றாக வந்தது இன்னொரு ஆலைச் சாம்பலில் அப்படி வருவதில்லை.

சோதனைக் கருவிகளிலும் சிக்கல் உண்டு. கம்பி துருப்பிடிக்கிறதா என்று கான்கிரீட்டை உடைக்காமல் பார்க்க மின்னழுத்தத்தை அளப்பார்கள். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் துருப்பிடித்திருக்க 90 விழுக்காடு வாய்ப்பு என்பது சாதாரணச் சிமெண்டுக்கு எழுதிய விதி. கசடு மிகுந்த கலவையில் இருக்கும் கந்தகச் சேர்மங்களால் நல்ல கம்பியும் அந்த எண்ணுக்குக் கீழே காட்டும். பழைய அளவுகோலால் புதிய பொருளை அளந்து பயந்தவர்களும் உண்டு, நிம்மதியடைந்தவர்களும் உண்டு.

இதற்கு நேர்மாறான வழியில் போனது பேராக்கிலேயே இருக்கிறது. கெரிக் அருகே பேராக் ஆற்றின் மேல் உள்ள பத்து 6 பாலம் நடுவில் தூணே இல்லாமல் 100 மீட்டர் தாண்டுகிறது. செம்மோரில் இயங்கும் டூரா தொழில்நுட்ப நிறுவனம் வார்த்த துண்டுகளைக் கோத்து 2015-இல் முடித்த பாலம். அதிஉயர் திறன் கான்கிரீட் என்ற வகை அது. சிமெண்டு அதில் கூடுதல்தான். ஆனால் வீட்டுக் கான்கிரீட்டைவிட ஐந்து மடங்கு பலமுள்ளது என்பதால் பாலத்தின் கனமும் மொத்தப் பொருளும் வெகுவாகக் குறைகின்றன. வழக்கமான கம்பிக்கூட்டுக்குப் பதில் மயிரிழை போன்ற எஃகு இழைகளும் இழுத்துக் கட்டிய எஃகு வடங்களும் சுமையைத் தாங்குகின்றன. துளை மிகமிகக் குறைவாக இருப்பதால் காற்றும் உப்பும் நுழைவது அரிது. மேற்பரப்பில் எட்டிப்பார்க்கும் இழை துருப்பிடித்துப் புள்ளி விழலாம். இழை மெல்லியதாகையால் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும் அளவுக்கு அதன் துரு பெருகாது.

வீட்டிலும் கோயிலிலும்

புதிதாகத் தளமோ உத்தரமோ போடுகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கவர் பற்றியது. வீட்டுக்குள் 25 மில்லிமீட்டர், மழை படும் இடத்தில் 35 முதல் 40, கடலோரத்தில் 50 என்பது பொறியாளர்கள் பொதுவாகக் கேட்கும் அளவு. கம்பிக்கு அடியில் உடைந்த ஓடு வைப்பதும், ஒன்றுமே வைக்காமல் கான்கிரீட் கொட்டும்போது கம்பியை மண்வெட்டியால் தூக்கிவிடுவதும் இன்னும் நடக்கிறது. அளவெடுத்த கவர் கட்டைகளை வைத்துப் படம் எடுத்த பிறகே கான்கிரீட் ஊற்றச் சொல்லலாம். 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டர் அளவுக்குள் நிற்க வேண்டும், ஈர மணலில் இருக்கும் நீரையும் சேர்த்து. வேலை சுலபமாக நடக்க வாளி வாளியாக ஊற்றும் தண்ணீர் பின்னால் ஆவியாகி, காற்று நுழையும் துளைகளை விட்டுச் செல்கிறது. கோணிச் சாக்கு போட்டுக் குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும். கலப்புச் சிமெண்டாக இருந்தால் 10 முதல் 14 நாள்.

தோட்டங்களில் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கொதிகலன் சாம்பல் இலவசமாகக் கிடைப்பதால் கோழிக்கொட்டகைக்கும் வாசல் தரைக்கும் சிமெண்டோடு கலந்துவிடுவது. கம்பி இல்லாத தரையில் போனால் போகட்டும். கம்பி வைக்கும் இடத்தில் கூடவே கூடாது. ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்துவது சலித்து, மாவாக அரைத்து, எரியாத கரியை நீக்கிய சாம்பல். ஆலை வாசலில் அள்ளுவது கரடுமுரடானது. காய்க்குலை எரித்த சாம்பலாக இருந்தால் பொட்டாசியமும் குளோரைடும் சேர்ந்தே வரும். செடிக்கு உரமாகும் அதே சரக்கு கம்பிக்கு நஞ்சு.

பழைய முறைச் சுண்ணாம்புக் காரையை, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து, பசுமைக் கட்டுமானம் என்று மீண்டும் கொண்டுவருகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் சுண்ணாம்புக் காரை இறுகுவதே காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான். இறுகி முடித்ததும் அதன் காரம் தீர்ந்துவிடும். நம் முன்னோர் அதற்குள் இரும்பு வைத்ததில்லை. இன்று வைத்தால் தங்காது.

கோயில் கோபுரச் சுதைச் சிற்பங்களில் விரல், கை, ஆயுதம் முதலியவை மெல்லிய கம்பியைச் சுற்றி எழுப்பப்படுகின்றன. அங்கே கவர் சில மில்லிமீட்டர்தான். மழையும் வெயிலும் நேரடி. கை முதலில் வெடித்து விழுவது சிற்பியின் குறை ஆகாது, கணக்கு அப்படி. 12 ஆண்டுக்கு ஒரு முறை கும்பாபிஷேகத்துக்காகத் திருப்பணி செய்யும்போது பெரும்பாலும் வெடிப்பின் மேல் பூசி வர்ணம் அடித்துவிடுகிறார்கள். மெல்லிய உறுப்புகளுக்கு மட்டும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்தால் மொத்தச் செலவில் அது சிறு தொகைதான்.

அடுக்குமாடி வீடுகளில் துருவின் தொடக்கம் பெரும்பாலும் மேல்வீட்டுக் கசிவு. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், கூரையில் ஈரம் கண்டால் குறை மேல்வீட்டில் இருப்பதாகவே முதலில் கருதுகின்றன. புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். மேல்வீட்டுக்காரர் தெரிந்தவர் என்று வாய்மூடி இருப்பவர்கள் பலர். ஈரம் வந்த காலத்தில் தடுத்தால் குழாய்ச் செலவோடு போகும். கம்பி தெரியும் நிலையில் அது கூரைச் செலவாகிவிடும்.

வெடிப்பு வந்த வீட்டில் எவ்வளவு ஆழம் கெட்டிருக்கிறது என்று அறிய எளிய சோதனை உண்டு. புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும்; தீர்ந்த பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத பட்டை கம்பியைத் தாண்டியிருந்தால் மேல்பூச்சு எதற்கும் உதவாது. கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு உடைத்து, துருவைச் சுரண்டி உலோகம் பளிச்சிடும்வரை சுத்தம் செய்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, பழுதுபார்ப்புக் கலவையால் நிரப்ப வேண்டும். இதிலும் ஒரு பொறி உண்டு. ஒட்டுப் போட்ட இடத்தில் துரு நின்றதும், அதை அடுத்துள்ள பழைய கான்கிரீட்டில் கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். இரண்டு ஆண்டு கழித்து ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடித்தால் பலர் செய்தவரைத் திட்டுவார்கள். அவர் நல்ல கலவையைத்தான் போட்டிருப்பார். வெடிப்பு தெரிந்த இடத்தோடு நிறுத்தாமல், சுற்றிலும் சுத்தியலால் தட்டி, பொள்ளல் சத்தம் கேட்கும் இடம் முடியும்வரை உடைத்திருக்க வேண்டும்.